எந்தப் பொத்தானை அழுத்தினாலும் பிரிவு

உலகத்தையே அழ வைப்பது என்று முடிவு செய்தேன். உலகம் என்றால், இணையத்தில் என் விளையாட்டை ஆடப்போகிற நாற்பது ஐம்பது பேர். அவர்களும் உலகத்தில்தானே இருக்கிறார்கள்.

நான் லிஃப்ட் மெக்கானிக். என் விளையாட்டும் லிஃப்டுக்குள்ளேயேதான் நடக்கும். படமெல்லாம் கிடையாது, எழுத்து மட்டும். ஒரு மெக்கானிக், மஞ்சள் குடை வைத்திருக்கும் ஒருத்தி. கதையைப் படித்துக்கொண்டே போய், எந்த மாடிக்குப் போவது என்று நீங்கள் பொத்தானை அழுத்த வேண்டும். எதை அழுத்தினாலும் அவள் இறங்கிப் போய்விடுவாள். கதவு மூடும். பத்தே நிமிடத்தில் காதல் காலி.

ஒரே ஒரு சிக்கல். குடைக்காரி கற்பனை இல்லை. கல்யாணத்துக்கு முன்பு நான் லிஃப்ட் பார்த்துக்கொண்ட அலுவலகக் கட்டடத்தில், நாலாவது மாடியில் நிஜமாகவே இருந்தாள். மனைவிக்குத் தெரிந்தால் நானும் காலி. அதனால் புனைபெயரில் வெளியிட்டேன்.

மனைவி ஒரு கம்பெனியில் புகார்ப் பிரிவில் இருக்கிறாள். வந்த புகாரைத் தீர்க்காமல் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. வீட்டிலும் புகார் கொடுப்பவள் அவள், விசாரிப்பவள் அவள், தீர்ப்பும் அவளுடையதே. எனக்கும் ஒரு வேலை உண்டு, தலையாட்டுவது.

முதல் வாரம் ஆடியவர்கள் எழுதியதைப் பார்த்து நெஞ்சு நிமிர்ந்தது. "அழுது தீர்த்தேன்" என்றார் ஒருவர். "ஒரு முடிவாவது நன்றாக இருக்கக் கூடாதா?" என்று ஏழெட்டுப் பேர் கேட்டிருந்தார்கள். கூடாது என்று பதில் போட்டேன். கலைஞன் அல்லவா.

அடுத்த வாரம் போக்கே மாறிவிட்டது.

"படிக்கட்டு அம்மணி பிரமாதம்."

"மெக்கானிக்கை வாங்கு வாங்கென்று வாங்குகிறாளே, சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது."

"கல்யாணத்தில் முடிந்தது நிம்மதி."

என் விளையாட்டில் படிக்கட்டே கிடையாது.

திறந்து பார்த்தேன். என் பொத்தான்களுக்குக் கீழே புதிதாக ஒன்று: 'லிஃப்ட் ரிப்பேர். படியில் ஏறு.' அழுத்தினேன். மூச்சு வாங்க ஏறி வருகிற ஒருத்தி, "லிஃப்டைச் சரி பண்ண வந்தீங்களா, வேடிக்கை பாக்க வந்தீங்களா?" என்று மெக்கானிக்கைப் பிடித்துக்கொள்கிறாள். இதையே, இதே வார்த்தைகளில், அந்தக் கட்டடத்துப் படியில் ஒருத்தி என்னிடம் கேட்டிருக்கிறாள். அவளைத்தான் கட்டிக்கொண்டேன்.

அவள் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீயா எழுதின?"

"பின்ன? ஏழெட்டுப் பேர் புகார் குடுத்திருக்காங்க. நீங்க 'கூடாது'ன்னு பதில் போடறீங்க. எங்க பிரிவுல அப்படிப் போட்டா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"என் கணக்குக்குள்ள எப்படிப் போன?"

"ராத்திரி பூரா அதையே பாத்துக்கிட்டிருந்தா எனக்குத் தெரியாதா? கடவுச்சொல் என் பிறந்தநாள்தானே? மறந்தா என்ன ஆகும்னு பயந்து எல்லாத்துக்கும் அதையேதான வைக்கிறீங்க."

"அந்தக் குடை... சும்மா கற்பனை."

"நாலாவது மாடி அக்கவுண்ட்ஸ் அக்கா. நான் ரெண்டாவது மாடி. எனக்குத் தெரியாத குடையா?"

படியில் ஏறுகிறவளுக்கு லிஃப்டுக்குள் நடப்பது தெரியாது என்று நான் போட்டது தப்புக் கணக்கு. ஆனால் அவள் முகத்தில் கோபம் இல்லை. மடித்த சட்டையை என் கையில் கொடுத்தாள். போன உயிர் திரும்பி வந்தது. இத்தனை நாள் ஒளித்து வைத்த பாரம் இறங்கி, எனக்குச் சிரிப்புகூட வந்தது. அதோடு வாயை மூடியிருக்கலாம்.

"உனக்குக் கோபமே வரலையா?"

"வந்துச்சு. ஆனா விசாரிக்காம முடிவெடுக்கக் கூடாதில்ல? அக்காவுக்கே விளையாட்டை அனுப்பினேன். எழுதினது நீங்கதான்னும் சொன்னேன்."

வந்த உயிர் மறுபடி போயிற்று. "என்னது?"

"உங்க போட்டோவையும் அனுப்பினேன். அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. என் கோபமெல்லாம் போயே போச்சு."

"என்ன கேட்டாங்க?"

அவள் அடுத்த சட்டையை உதறினாள்.

"'அந்த லிஃப்டுக்கு மெக்கானிக்னு ஒருத்தர் இருந்தாரா?'"