மெழுகண்ணன் என்னைத் திட்டிய மத்தியானம்

மதுரையில் என்னை அதிகம் திட்டியவர் யார் என்று கேட்டால், என் மனைவி வருத்தப்பட்டாலும் பரவாயில்லை, மெழுகண்ணன் என்றுதான் சொல்வேன். அந்தச் சாதனையை ஒரே மத்தியானத்தில் செய்தவர்.

வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் வீணை செய்துகொண்டிருந்தார். தந்திக்குக் கீழே வரிசையாக நிற்கும் பித்தளை மெட்டுகளை மெழுகில் பதிப்பதில் கெட்டிக்காரர். அதனால் அந்தப் பெயர்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு சித்திரை. தெப்பக்குளத்தில் இருந்த மாமா வீட்டுக்கு நாலு மணிக்கு என் தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள். பையனின் அம்மா பெண் வீணை வாசித்துக் கேட்டே ஆகவேண்டும் என்று சொல்லியிருந்தார். நானும் பரவையிலிருந்து வீணையைப் பஸ் கூரையில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவில், வெகு பத்திரமாகக் கொண்டுவந்தேன். வெயிலில் மெழுகு இளகி, ஏழெட்டு மெட்டுகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து தூங்கின.

மெழுகண்ணனிடம் ஓடியபோது மணி பதினொன்று.

"ஐயா, மெழுகு காச்சுறீங்களா?" என்று பட்டறையில் இருந்த தன் சீடரைக் கேட்டார். சீடருக்கு ஐம்பது வயதிருக்கும், குருவுக்கு நாற்பது.

"உக்காருங்கய்யா."

"நீங்க மொதல்ல உக்காருங்கண்ணே."

இருவரும் உட்காரவில்லை. யார் முதலாளி என்று எனக்குப் புரியவில்லை. பொறுக்கமாட்டாமல் நான் நடுவில் உட்கார்ந்தேன். அவர்களும் உட்கார்ந்தார்கள்.

சீடர் முதல் மெட்டைப் பதித்தார். மெழுகண்ணன் தந்தியை மீட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏன் தம்பி, காதுன்னு ஒண்ணு இருக்கா? அம்புட்டு மேல ஏத்துனா சுருதி எங்க நிக்கும்?"

நான் எதையும் தொடவில்லை. இருந்தாலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். சீடர் சத்தமில்லாமல் மெட்டைக் கீழே இறக்கினார்.

"இப்புடியா அமுக்குறது? இதென்ன முறுக்கு மாவா?"

என் கை சட்டைப்பையில் இருந்தது. சந்தேகத்துக்கு வெளியே எடுத்துப் பார்த்துக்கொண்டேன். தங்கையின் கல்யாணம் ஒரு பைத்தியக்காரரிடம் மாட்டிக்கொண்டது என்று நினைத்து வாசலைப் பார்த்தேன்.

மெழுகண்ணன் தண்ணீர் குடிக்க எழுந்துபோன நேரத்தில் நான் நழுவப் பார்த்தேன். சீடர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"போயிராதீங்க தம்பி. நீங்க போயிட்டா நான் எப்புடிக் கத்துக்கிறது?"

"எனக்கு ஒண்ணும் புரியலண்ணே."

"இவருக்குத் தொழில் சொல்லிக்குடுத்தது எங்கப்பா. நான் மில்லு வேலைக்குப் போயிட்டேன். மில்லை மூடுனப்புறம் இவருகிட்ட வந்து சேந்தேன். குரு மகனைத் திட்ட இவருக்கு வாய் வரல. நாலு மாசமா தப்புத்தப்பா வைக்கிறேன், நல்லாருக்குங்கய்யான்னு சொல்லிட்டு, நான் போனப்புறம் பிரிச்சு வைக்கிறாரு. இன்னைக்குத்தான் எது தப்புன்னே தெரியுது."

மறுபடி உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு விழுந்த ஒவ்வொரு திட்டுக்கும், "இனிமே பாத்து வைக்கிறேண்ணே" என்று சீடருக்காக நானே பதில் சொன்னேன். நாலு மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது எல்லா மெட்டும் நிமிர்ந்து நின்றன. தங்கை வாசித்தாள். பையனின் அம்மா அன்றைக்கே தாம்பூலம் மாற்றச் சொல்லிவிட்டார்.

நான்தான் வேலையை விடவில்லை. சனிக்கிழமைதோறும் அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்து திட்டு வாங்கி வந்தேன். ஆறேழு மாதம் கழித்து ஒருநாள் வாசலிலேயே குரல் கேட்டது.

"யோவ், கையா ஒலக்கையா அது? எடுய்யா வெளிய."

எட்டிப் பார்த்தேன். என் இடம் காலியாக இருந்தது. சீடர் தலைகுனிந்து சிரித்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றாமலே திரும்பிவிட்டேன். தெப்பக்குளம் தாண்டும்வரை, என்னவோ, பொறாமையாகவே இருந்தது.