சுவரில் ஒரு வெறும் கொக்கி

“அந்தக் கொக்கியை எடுத்துடலாம் சார்.”

“கொக்கிதான்யா காட்சியே.”

“வெறும் கொக்கி சார். அதுல ஒண்ணுமே—”

“ஒண்ணுமே தொங்கலை. நானும் அதைத்தானே சொல்றேன்? பக்கத்துக் கொக்கியில மழைக்கோட்டு தொங்குது. இது காலி. எதையோ தொலைச்சவனோட வீடு இது. சுவரே சொல்லுது பாரு.”

“சுவர் எதுக்கு சார் பேசணும்? ஜனங்க பார்க்கப்போறது சண்டையை—”

“உனக்குக் கையும் காலும்தான் தெரியும். எனக்குச் சுவர் தெரியும்.”

சண்டைக்காரர் படத்தை எடுத்துக்கொண்டு தன் மேசைக்குத் திரும்பினார். சுவர் என்ன சொல்கிறது என்று டைரக்டரைவிட அவருக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் எடுக்கச் சொன்னார்.

அந்தக் கார்ட்டூன் படக் கம்பெனியில் அவரைச் சண்டைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருஷமாக யார் யாரை அடித்தாலும் வரைவது அவர்தான். குத்து, உதை, பல் தெறித்தல் எல்லாம் அவர் பென்சிலிலிருந்துதான் வரும். வீட்டில் மட்டும் இதுவரை ஒரு சண்டையிலும் அவர் ஜெயித்ததில்லை. கொடுக்க ஒருவர் இருந்தால் வாங்க ஒருவர் இருக்க வேண்டாமா என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொள்வார்.

இப்போது கையிலிருந்தது படத்தின் பெரிய சண்டை. கதாநாயகனும் வில்லனும் ஒரு சமையலறைக்குள் நாலு நிமிஷம் கட்டிப்புரள வேண்டும். ஆட்களைக் கீழ்மாடியில் வரைவார்கள். அவர்கள் நிற்கிற வீடு, தெரு, மரம் எல்லாம் மேல்மாடியில் பின்னணிப் பிரிவில் வண்ணத்தோடு தயாராகி, பழுப்பு உறையில் கீழே இறங்கும். உறைமேல் பிரிவின் முத்திரை மட்டும் இருக்கும். வரைந்தவர் பெயர் போடும் வழக்கம் இல்லை. சண்டைக்காரருக்கு அது தேவையுமில்லை. பின்னணிப் பிரிவின் தலைவி அவருடைய மனைவி.

அவர்கள் வீட்டுச் சமையலறையிலும் பின்வாசல் பக்கம் இரண்டு கொக்கிகள் உண்டு. ஒன்றில் அவருடைய மழைக்கோட்டு. இன்னொன்றில் மனைவியின் நீலக் குடை இருந்தது, போன மாதம் வரை. அதை அவர் ஒரு மழைநாளில் எடுத்துப்போய், மழை விட்டதும் பஸ்ஸில் மறந்துவிட்டு இறங்கி, ஆபீஸில் எவனோ எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தார். எவன் அவன், நல்லா இருப்பானா என்று மனைவி சபித்தபோது கூடவே தலையும் ஆட்டியிருந்தார்.

இப்போது கொக்கி படத்துக்குள் வந்துவிட்டது. விஷயம் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். வாயால் கேட்காமல் சுவரால் கேட்கிறாள்.

கொக்கியை எடுக்க முடியாவிட்டால் மறைக்கலாமே என்று யோசித்து, வில்லனைக் கொண்டுபோய்ச் சரியாக அதன் முன்னால் நிறுத்தினார். பதினோரு விநாடி. அடி வாங்கினாலும் வில்லன் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

போட்டுப் பார்த்த டைரக்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “மறைச்சுட்டுக் காட்டறே பாரு. அடுத்த உதையில இவன் விலகட்டும். கேமரா மெதுவா கொக்கிகிட்ட போகட்டும். திரை முழுக்கக் கொக்கி.”

அன்று மாலை வீட்டில் மனைவி கை கழுவிக்கொண்டிருந்தாள். விரல் இடுக்கில் பச்சைப் பெயிண்ட், சோப்பு போட்டும் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. சண்டைக்காரர் பின்னால் போய் நின்றார்.

“அந்தக் குடையை யாரும் எடுக்கலை. நான்தான் பஸ்ஸுல விட்டுட்டேன்.”

அவள் குழாயை மூடினாள். திரும்பினாள்.

“உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்,” என்றார்.

அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “தெரிஞ்சா சரி,” என்று சொல்லிவிட்டுத் துண்டைத் தேடிப் போனாள்.

இவ்வளவுதானா என்று அவருக்கு ஆச்சரியம். சுவரைப் பற்றி அவள் பேச்செடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் புரிந்துபோன விஷயத்தை எதற்கு வாய்விட்டுப் பேசிக்கொண்டு?

அடுத்த வாரம் உறை வந்தது. பிரித்தார். அலமாரியில் ஒரு வெள்ளைப் பீங்கான் ஜாடி. பார்க்க முழுசாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் பளபளவென்று துலக்கிய ஒரு பாத்திரம் சாய்த்துவைத்திருந்தது. அந்தப் பாத்திரத்துக்குள் ஜாடியின் முதுகு தெரிந்தது. முதுகில் கழுத்திலிருந்து அடிவரை ஒரு விரிசல்.

அவர் வீட்டில் இருப்பது மனைவியின் அக்கா கொடுத்த ஜாடி. ஆறு மாதத்துக்கு முன் முழங்கை பட்டு விரிசல் விட்டது. சத்தம் போடாமல் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துவிட்டார்.

“வில்லனோட மனசுய்யா அது,” என்று டைரக்டர் உருகினார். “முன்னாடி முழுசு, முதுகுல விரிசல். யாருக்குய்யா தோணும் இது? மேல போய் உன் வீட்டம்மா கையில ஒரு வளையல் போடணும்.”

இந்தத் தடவை மறைப்பதெல்லாம் சரிப்படாது என்று சண்டைக்காரர் முடிவு செய்தார். கதாநாயகன் வில்லனைத் தலைக்குமேல் தூக்கி அலமாரிமேல் வீசினான். ஜாடி சுக்குநூறானது. ஒவ்வொரு துண்டு பறப்பதையும் ரசித்து ரசித்து வரைந்தார். கடைசித் துண்டு விழுந்தபோது நிம்மதியாகத் தேநீர் குடித்தார்.

ஆனால் தொழிலில் ஒரு விதி உண்டு. சண்டையில் எது உடைந்தாலும் மேல்மாடிக்குச் சீட்டு எழுதி அனுப்ப வேண்டும். அடுத்த காட்சியில் பொருள் முழுசாக நிற்கக்கூடாதல்லவா? ‘ஜாடி உடைந்தது’ என்று எழுதி அனுப்பினார். இரண்டே நாளில் பதில் உறை வந்தது. துண்டுகள் ஒன்றுவிடாமல் ஒரு தட்டில் பொறுக்கி மேசைமேல் வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் ஒரு பசைக்குப்பி, மூடி திறக்காமல்.

டைரக்டர் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

சண்டைக்காரர் வீட்டுக்குப் போய் ஜாடியைத் திருப்பிக் காட்டினார். மனைவி பச்சை படிந்த விரலால் விரிசலை மேலிருந்து கீழே தடவிப் பார்த்தாள்.

“வேற?” என்றாள்.

“வேற ஒண்ணும் இல்லையே.”

“யோசிச்சுப் பாருங்க.”

யோசித்தார். மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள் வந்த உறையில், படத்துச் சமையலறைச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்க, அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமைமேல் வட்டம் போட்டிருந்தது. அக்கா வீடு மாறிய ஞாயிறு, கட்டிலும் பீரோவும் தூக்கக் கூப்பிட்ட ஞாயிறு, அவசர வேலை என்று சொல்லிவிட்டு ஏரிக்கரையில் தூண்டில் போட்ட ஞாயிறு எல்லாம் ஒரே ஞாயிறுதான். அன்று மாலையே அதையும் சொல்லிவிட்டார். மீன் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார், தண்டனை குறையட்டும் என்று.

“வேற?” என்றாள் மனைவி. குரலில் கோபமே இல்லை. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் கதையில் அடுத்த பக்கத்தைப் புரட்டுகிற குரல்.

இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அது வெளியே வரக்கூடாது. குடை போனால் குடை வாங்கலாம், ஜாடி போனால் ஜாடி வாங்கலாம். இது அப்படியில்லை.

மனைவிக்கு ஒரே அண்ணன். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பத்து நாள் தங்குவார். தங்கட்டும், மச்சான்தானே. ஆனால் அவருக்கு எல்லாம் தெரியும். சண்டைக்காரர் செருப்பு மாட்டுகிற விதம் தப்பு, கதவைச் சாத்துகிற விதம் தப்பு. எல்லாவற்றையும்விட, அவர் வரைகிற சண்டை தப்பு. “இடது கையால குத்தறவன் இந்தக் காலை முன்னாடி வைக்க மாட்டான் மாப்பிள்ளை,” என்று சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து நின்று குத்திக் காட்டுவார். ராத்திரி குறட்டையிலும் திருத்துவது மாதிரியே இருக்கும்.

இந்த வருஷம் அவர் போன் செய்தபோது மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறோம், நாற்றம் தாங்கவில்லை, இந்தத் தடவை வேண்டாமே என்று சண்டைக்காரர் சொல்லிவிட்டார். அதோடு முடிந்தது என்று நினைத்தார். முடியவில்லை. அண்ணனுக்கு என்னை மறந்தேபோய்விட்டது என்று மனைவி இரண்டு மாதமாக வாரத்துக்கொரு தடவை சொல்லிக்கொண்டிருந்தாள். நானாகப் போன் செய்து ஏன் வரவில்லை என்று கேட்கமாட்டேன், எனக்கும் ரோஷம் உண்டு என்றும் சொன்னாள். அதைக் கேட்கும்போதெல்லாம் சண்டைக்காரர் செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

கடைசி உறை வெள்ளிக்கிழமை வந்தது. பிரிப்பதற்கு முன் கை துடைத்துக்கொண்டார்.

சுவரில் டெலிபோன். ரிசீவர் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே, தரையில், மூடி திறக்காத ஒரு பெயிண்ட் டப்பா.

சண்டைக்காரர் அந்தப் பெயிண்ட் டப்பாவை ஒரு தடவை கையால் மறைத்துப் பார்த்தார். பிறகு கடைசி முயற்சியாக, வில்லன் குத்த ஓங்கிய கையை நிறுத்தி, ரிசீவரை எடுத்து ஒழுங்காக அதன் இடத்தில் வைத்துவிட்டு, அதற்கப்புறம் குத்துவதுபோல் வரைந்தார். அதைப் பார்த்து டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கெட்டவனுக்குள்ளும் ஒரு ஒழுங்கு இருக்கிறதாம். வைத்தவுடனே போன் மணி அடிக்கட்டும், யாரும் எடுக்க வேண்டாம், கடைசிக் குத்துவரை அடித்துக்கொண்டே இருக்கட்டும் என்று உத்தரவு போட்டார்.

அந்த மணியைச் சாயங்காலம்வரை ஓட்டி ஓட்டிக் கேட்டதில் சண்டைக்காரருக்குத் தெம்பு போய்விட்டது.

மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தார்.

“உன் அண்ணன் உன்னை மறக்கலை.”

கத்தி நின்றது.

“போன் பண்ணாரு. பெயிண்ட் அடிக்கிறோம்னு சொல்லி நான்தான் வர வேண்டாம்னுட்டேன்.”

‘தெரிஞ்சா சரி’ வரவில்லை. ‘வேற’யும் வரவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. வெங்காயம் நறுக்கியிருந்தால் பழியை அதன்மேல் போட்டிருக்கலாம், ஆனால் அவள் நறுக்கிக்கொண்டிருந்தது பீன்ஸ். எழுந்து போனாள். டெலிபோனை எடுத்தாள். உடைந்த குரலைச் சரிசெய்துகொண்டு பேசினாள்.

“பெயிண்ட் வேலையெல்லாம் முடிஞ்சுதுண்ணா. எப்ப வர்றீங்க?”

அவள் தன்னைக் காட்டிக்கொடுக்காமல் பேசியதைக் கேட்டுச் சண்டைக்காரர் அவள் வைத்துவிட்டுப் போன கத்தியை எடுத்துக்கொண்டார். மீதிப் பீன்ஸை அவரே நறுக்கினார்.

மச்சான் நாலாம் நாள் மூன்று பெட்டிகளோடு வந்து இறங்கினார். விட்டுப்போன நாட்களையும் சேர்த்துத் தங்குவதாகச் சொன்னார். சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பெயிண்ட் சரியாக அடிக்கவில்லை மாப்பிள்ளை, பழசு மாதிரியே இருக்கிறது என்றார். மனைவி சிரித்த சிரிப்பில் சமையலறைப் பாத்திரமெல்லாம் அதிர்ந்தது. அவள் அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

படம் முடிந்ததும் கம்பெனியின் சின்னத் திரையரங்கில் குடும்பங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். மனைவி தன் பிரிவுக்காரர்களோடு முன்வரிசையில் உட்கார்ந்தாள். சண்டைக்காரருக்கு வலப்பக்கம் மச்சான். இடப்பக்கம் டைரக்டரின் மனைவி. அந்தம்மா ஒரு காலத்தில் அதே மேல்மாடியில் சுவர் வரைந்தவர், கல்யாணத்துக்குப் பிறகு தூரிகையைக் கழுவி வைத்துவிட்டவர் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை.

சமையலறைச் சண்டை வந்தது. கொக்கி திரை நிறைய வந்தது. ஜாடி உடைந்தது. மணி அடித்தது. கைதட்டல் அடங்குவதற்குள் டைரக்டர் படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுத் திரை முன்னால் போய் நின்றார். பொறுக்க முடியவில்லை அவருக்கு. ஒவ்வொன்றாக விளக்கினார். தொலைத்ததைத் தேடாதவன் கொக்கி, உடைத்ததை ஒட்டாதவன் ஜாடி, முக்கியமான நாளை மறந்தவன் நாட்காட்டி.

“அந்தப் பெயிண்ட் டப்பாவைக் கவனிச்சீங்களா? மூடியே திறக்கலை. வாக்குக் கொடுத்துட்டு வருஷக்கணக்கா செய்யாம விட்டவன் வீடு அது. இப்படி ஒருத்தன்கூட ஒரு பொம்பளை எப்படிக் குடும்பம் நடத்துவா, யோசிச்சுப் பாருங்க.”

எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியது டைரக்டரின் மனைவிதான்.

விளக்கு அணைந்து படம் தொடர்ந்தது. அந்தம்மா அவ்வளவு ரசித்ததைப் பார்த்துச் சண்டைக்காரருக்கு யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. இத்தனை நாள் அடக்கியாயிற்று, இனி மறைக்க என்ன இருக்கிறது? காதோரம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார். அது அத்தனையும் தன் குற்றப்பத்திரிகை என்றும், ஒரு மாசமாகத் தன் வீட்டுக்காரி வாயே திறக்காமல் சுவரில் எழுதி எழுதியே தன்னை வழிக்குக் கொண்டுவந்துவிட்டாள் என்றும், குடை, ஜாடி, தூண்டில், இதோ வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிற மச்சான்வரை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டதாகவும் சொன்னார்.

அந்தம்மா ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டார். திரையில் சமையலறை மறைந்து ஒரு பெரிய காடு விரிந்தது. இலை இலையாய், கொடி கொடியாய், அரங்கு முழுக்கப் பச்சை. முன்வரிசைப் பின்னணிப் பிரிவுக்காரர்கள் எழுந்து நின்று அவர் மனைவியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

“உன் வீட்டுக்காரி ஒரு மாசமா இந்தக் காட்டைத்தான் தம்பி வரைஞ்சா, நேரமில்லைன்னு சமையலறையை என்கிட்ட கொடுத்து வரையச் சொல்லிட்டா,” என்றார் டைரக்டரின் மனைவி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “அது எங்க வீடு, தினம் அங்க உட்கார்ந்து சாப்பிடற மனுஷனுக்கே இன்னும் அடையாளம் தெரியலை, உனக்கு ஏன் தம்பி அப்படி உறைச்சுது?”