நாற்பத்தெட்டுக் கத்தரிச் செடிகளுக்கு நான் செய்த சிகிச்சை

1943 மார்ச் 15, திங்கட்கிழமை. காலை ஆறு மணிக்கு எழுந்தேன். (சுவர்க் கடிகாரம் ஏழரை என்றது. ஜப்பானியர் வந்ததும் ஊர்க் கடிகாரங்களையெல்லாம் டோக்கியோ நேரத்துக்குத் திருப்பிவிட்டார்கள். அந்த உத்தரவு என் டயரிக்குப் பொருந்தாது என்று நானே முடிவு செய்திருந்தேன்.) ஆறு பத்துக்குப் பல் விளக்கினேன். ஆறு இருபதுக்கு அவித்த மரவள்ளிக்கிழங்கும் சர்க்கரை இல்லாத கோப்பியும். ஆறு நாற்பதுக்குப் பேனாக்கத்தியுடன் கொல்லைக்குப் போய், முதலாம் எண் கத்தரிச் செடியின் முன் குனிந்தேன்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அந்தப் பக்கத்தை இப்போது படித்தாலும் அதில் ஓர் எழுத்துப்பிழை இல்லை. பிழையெல்லாம் செடிகளில்தான்.

நான் அப்போது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் குடியிருந்தேன். சரக்கு அலுவலகத்தில் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. வயது முப்பத்தொன்று, இதற்குமேல் தெரிந்துகொள்ள உலகத்தில் அதிகம் இல்லை என்று நம்பிய வயது. பங்கீட்டு அரிசி பாதி மாதத்துக்குக்கூட வராது. வீட்டுக்கு வீடு காய்கறி பயிரிட வேண்டும் என்று கட்டளை. காப்பார் என்னும் ஊரிலிருந்து வரும் ஒரு கருவாட்டுக்கார அம்மாள் கத்தரிக்காயை வாங்கிக்கொண்டு கருவாடு கொடுப்பாள். அந்தக் கொல்லை இல்லையென்றால் என் மூன்று குழந்தைகளுக்கும் வெறும் மரவள்ளிதான். பயிர் நிற்காத கொல்லையை, இதற்கென்று நியமித்த மேற்பார்வையாளர் பிடுங்கி, கேட்டுக் காத்திருக்கும் அடுத்த குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார். கேட்டுக் காத்திருந்தவர்கள் நிறையப் பேர்.

என் தோட்டத்தில் வரிசைக்கு எட்டுச் செடி, ஆறு வரிசை. ஒவ்வொன்றுக்கும் மூங்கில் குச்சியில் எண் எழுதி நட்டிருந்தேன். தினமும் பழுத்த இலையையும் வேண்டாத பக்கக் கிளையையும் கத்தியால் நறுக்குவது என் வழக்கம். முதல் வரிசையை இடமிருந்து வலமாக முடித்தால், இரண்டாவதை வலமிருந்து இடமாகப் பார்ப்பேன். வீணாகத் திரும்பி நடக்கும் எட்டு எட்டு மிச்சம். (சிரிக்க வேண்டாம். மரவள்ளி தின்று வாழ்ந்தவனுக்கு எட்டு எட்டும் கணக்குதான்.)

அந்த மாதத் தொடக்கத்தில் ஒன்றாம் எண் செடி பச்சையாகவே தலை சாய்ந்தது. அதைக் காப்பாற்ற வேண்டும் என்று மற்றதைவிட ஆழமாக நறுக்கினேன். மறுநாளும் நறுக்கினேன். பிறகு இரண்டாம் எண் சாய்ந்தது. அப்புறம் மூன்று, நான்கு. பூசணம் என்று நினைத்து அடுப்புச் சாம்பலைத் தூவினேன். செடிகள் விபூதி பூசிக்கொண்டு செத்தன.

என் மனைவி பாக்கியம் ஒருநாள் வாசற்படியில் நின்று சொன்னாள்: "ஏங்க, நல்லா இருக்கறத மொதல்ல பாத்துட்டு, வாடினதக் கடைசியாப் பாருங்களேன்."

"ஒண்ணுக்கு முன்னால நாப்பத்தெட்டு எப்படி வரும்?" என்று கேட்டேன்.

அவள் உள்ளே போனாள். பாவம், டயரி எழுதாதவள் என்று நினைத்துக்கொண்டேன்.

சாம்பல் தோற்றதும் குற்றவாளி யார் என்பது எனக்கு விளங்கிவிட்டது. இடப்பக்கத்து வீட்டுக் காதர் பாய். அவர் வீட்டுச் சாக்கடை என் தோட்டத்தின் இடது ஓரமாகத்தான் ஓடியது. முதலில் வாடியதும் இடது ஓரத்துச் செடிதான். வேறென்ன சாட்சி வேண்டும்? சாக்கடைத் தண்ணீரால் என் பயிர் அழிகிறது, பாயின் கொல்லையைப் பறிக்க வேண்டும் என்று மேற்பார்வையாளருக்கு மனு எழுதினேன். மூன்று பிரதி. பாய்க்கும் ஒன்றை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். (முதுகுக்குப் பின்னால் எதையும் செய்யக்கூடாது என்பது என் கொள்கை. முகத்துக்கு முன்னால் செய்வேன்.)

பாய் ஏதோ விவசாய ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடம் கண்ணாடிக் குப்பி கழுவியவர். சண்டை வந்ததும் ஆய்வுக்கூடத்தை மூடிவிட, வேலையில்லாமல் வீட்டோடு இருந்தார். மனுவைப் படித்துவிட்டு, ஒரு வாடிய தண்டைக் கொடுக்க முடியுமா என்று பணிவாகக் கேட்டார். குப்பி கழுவியவர் சொல்லிக் கிராணி கேட்பதா? முடியாது என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

இதோ மார்ச் 15க்கு வந்துவிட்டேன். மாலை ஐந்து மணிக்கு மேற்பார்வையாளர் வந்தார். கையில் ஜப்பானியர் தந்த வெள்ளைப் பட்டி கட்டிய நம்மவர். பின்னால் பாதிக் குவாட்டர்ஸ் திரண்டு நின்றது. நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, டயரியைத் திறந்து, எந்த எண் செடி எந்தத் தேதியில் வாடியது என்று உரக்க வாசித்தேன். ஒன்று முதல் இருபத்தொன்பது வரை, ஒன்றுகூட முறை தவறாமல் வாடியிருந்தன. அந்த ஒழுங்கைக் கண்டு எனக்கே பெருமை.

பாய் ஒரு கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீரோடு வந்தார். மேற்பார்வையாளர் தலையாட்டியதும் ஒரு வாடிய தண்டை நறுக்கி, அடிமுனையைத் தண்ணீரில் தொங்கவிட்டார். எல்லாரும் குனிந்து பார்த்தோம். சிறிது நேரத்தில் வெட்டிய இடத்திலிருந்து கஞ்சித் தண்ணீர்போல ஒரு வெள்ளை இழை மெல்ல இறங்கியது.

"பூசணம் இல்லீங்க," என்றார் பாய். "பூசணம்னா இப்படிப் பால் வராது. இது பாக்டீரியா. தண்டுக்குள்ள பூந்து, தண்ணி ஏறுற வழிய அடைச்சிரும். அதான் பச்சையாவே சாயுது. காயம் பட்ட எடத்துல சுளுவா நொழையும்."

"உங்க சாக்கடயிலேர்ந்து வந்த காயம்தான்," என்றேன், குரலை இறக்காமல்.

பாய் நாலாம் வரிசையைக் காட்டினார். "என் சாக்கட இந்தப் பக்கம் ஓடுது. சாக்கடய ஒட்டி நிக்கிற மூணும் நல்லா இருக்கு. அந்தக் கோடியில அஞ்சு செத்திருக்கு. இப்ப நீங்க படிச்சதப் பாத்தா, மொத வரிசையில இந்தப் பக்கத்துலேர்ந்து போயி, ரெண்டாவதுல அந்தப் பக்கத்துலேர்ந்து திரும்பியிருக்கு. சாக்கடத் தண்ணிக்கு வரிசை முடிஞ்சதும் திரும்பி நடக்கத் தெரியுமா, கிராணியாரே? இந்தக் குவாட்டர்ஸ்ல அப்படி நடக்கிற ஆளு ஒருத்தர்தான் லா."

கூட்டத்தில் யாரோ ஒருவர் முதலில் சிரித்தார். அப்புறம் யார் சிரிக்கவில்லை என்று கேட்பதுதான் சுலபம். பாக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் கையில் டயரி திறந்தபடி இருந்தது. மறுப்பதற்கு ஒரு வரி தேடினேன். பதினான்கு நாளில் ஒரு நாளாவது நான் மாற்றி நடந்திருக்கக்கூடாதா? இல்லை. நோய்பட்ட ஒன்றாம் செடியை முதலில் நறுக்கி, அதே கத்தியை வரிசையாக மற்ற நாற்பத்தேழுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். தபால்காரன்கூட இத்தனை ஒழுங்காக வீடு வீடாகப் போகமாட்டான்.

மேற்பார்வையாளர் என் மனுவை மடித்து என்னிடமே தந்தார். பாயின் கொல்லை பாயிடமே இருக்கும். என்னுடையதில் நாளை மத்தியானத்துக்குள் புதுப்பயிர் நடாவிட்டால், கேட்டுக் காத்திருக்கும் நாலாவது வீட்டுக்குப் போய்விடும்.

"நட்டுக் காட்டறேன்," என்றேன். எதை, எங்கிருந்து என்று எனக்கே தெரியாது. ஆனால் அத்தனை பேர் முன்னால் தலை குனிய எனக்குச் சம்மதமில்லை. இன்றும் சொல்கிறேன், வரிசையில் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் கத்தியுடையது.

அன்று பொழுது சாய்வதற்குள் நாற்பத்தெட்டையும் வேரோடு பிடுங்கி எரித்தேன். நன்றாக நின்ற பத்தொன்பதையும் விடவில்லை. அவற்றின் மீதும் என் கத்தி பட்டிருந்ததே. இந்த மண்ணில் கொஞ்ச காலத்துக்குக் கத்தரி, தக்காளி, மிளகாய் எதுவும் கூடாது, சர்க்கரைவள்ளிக்கு ஒன்றும் ஆகாது என்று பாய் வேலிக்கு அப்பாலிருந்தே சொன்னார். சர்க்கரைவள்ளிக் கொடி அந்த வரிசை வீடுகளில் ஒரே ஒருவர் கொல்லையில்தான் இருந்தது. அவர் பெயர் என் மனுவின் மூன்று பிரதிகளிலும் இருந்தது.

"நான் கேக்க மாட்டேன்," என்றாள் பாக்கியம். "மனு எழுதுன கையி போயிக் கேக்கட்டும்."

என் வீட்டில் இன்றும் மின்விளக்கு அணைந்தாலோ சைக்கிள் சங்கிலி கழன்றாலோ நான் எழுந்திருப்பதற்குள் நாலு பேரும் ஒரே குரலில் ஒரு வாக்கியம் சொல்வார்கள். என் பெரிய மகள் அதைத் தன் கல்யாணப் பந்தலில், மைக்கைச் சரிசெய்யப் போன என்னிடமே சொன்னாள். அந்த வாக்கியம் பிறந்தது மறுநாள் காலையில்தான்.

மார்ச் 16, செவ்வாய். பல்கூட விளக்காமல், முதல் வேலையாகப் பாய் வீட்டு வாசலில் போய் நின்றேன். கேட்க வேண்டியதை ஒரே மூச்சில் கேட்டேன். மன்னிப்பும் அதற்குள்ளேயே இருந்தது, சற்று வேகமாக. பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கொடி தர்றேன். வெட்டுறது நான். நீங்க எதையும் தொடாதீங்க, கிராணியாரே."

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கொடி வெட்டி முடியும்வரை அவர் கொல்லையில் நிமிர்ந்து நின்றேன்.