கல் டீச்சரின் பத்தாவது கல்

அந்தமானில் காலண்டரைத் தோற்கடித்தவர் என்று ஒருவர் உண்டென்றால், அது கல் டீச்சர்தான். நேற்றையும் நாளையையும் ஒரே சொல்லில் முடிந்து கைப்பையில் போட்டுக்கொண்டு, போர்ட் பிளேரில் எங்கள் தொடக்கப் பள்ளிக்குப் பதினோரு வருடம் வந்து போனார். அந்தப் பள்ளியில் நான் கிளார்க். தேதி போடாத காகிதத்தைத் தொட்டாலே எனக்குக் கை அரிக்கும்.

இந்தியில் 'கல்' என்றால் நேற்று. 'கல்' என்றால் நாளையும்தான். இந்திக்காரர்கள் வினைச்சொல்லைப் பார்த்து எதுவென்று புரிந்துகொள்வார்கள். எங்கள் தீவுத் தமிழர்கள் அந்தச் சொல்லை மட்டும் தமிழுக்குள் தூக்கி வந்துவிட்டார்கள். டீச்சர் இன்னும் ஒரு படி மேலே போய் வினைச்சொல்லையே கைகழுவிவிட்டார்.

"கிளார்க் சார், கல் பேரண்ட்ஸ் மீட்டிங்" என்பார். நடந்து முடிந்துவிட்டதா, இனிமேல்தானா என்று கேட்க நான் வாயெடுப்பதற்குள் வகுப்புக்குள் நுழைந்திருப்பார்.

ஒருமுறை அவருடைய விடுப்புக் கடிதம் வந்தது. "காய்ச்சல் காரணமாகக் கல் வர இயலாது." தேதியைக் குறிப்பிடவும் என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பினேன். மறுநாள் நேரில் வந்து நின்றார்.

"காய்ச்சல் எந்தத் தேதியில வரும்னு எனக்கு எப்படி சார் தெரியும்? அது என்ன, உங்க பஸ்ஸா?"

"வந்து போன காய்ச்சலா, வரப்போற காய்ச்சலா டீச்சர்?"

"இப்ப ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறேன். கையைத் தொட்டுப் பாருங்க, கொதிக்குது."

டீச்சர் பிறந்தது கச்சால் தீவில். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்து, அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்ட குடும்பம். இந்தச் சொல் எப்படி ஒட்டிக்கொண்டது என்று ஒரு நாள் கேட்டேன்.

"எங்க தீவுல கப்பல் நேத்து வரணும், ஆனா வந்திருக்காது. நாளைக்கு வரும்பாங்க, அதுவும் சந்தேகம். ரெண்டுக்கும் நடுவுல நாங்க கப்பல்துறை ஜெட்டியில மூட்டையோட குந்தியிருப்போம். இதுக்குப் பொறகு ரெண்டு வார்த்தை என்னாத்துக்கு சார்?"

அவர் கணவர் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். ஜங்லிகாட் மீன்பிடித் துறையில் படகு எஞ்சின் பழுதுபார்ப்பவர். காதல் திருமணம். லம்பா லைன் பகுதியில் அவர்கள் வீட்டுக்குள் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் நான்கு மொழி கேட்கலாம்: டீச்சரின் தோட்டத்துத் தமிழ், கணவரின் கடற்கரைத் தமிழ், இரண்டு மகள்களின் இந்தி, யாருக்கும் சொந்தமில்லாத டிவியின் ஆங்கிலம். ஒரு வருடம் டீச்சர் காலையில், "கல் நம்ம கல்யாண நாள்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கு வந்துவிட்டார். மறந்துபோய்விட்டோமே என்று பதறிய மனிதர், எஞ்சினைப் பாதியில் போட்டுவிட்டு, கை நிறைய கிரீஸும் அல்வாவுமாகப் பள்ளி வாசலுக்கே ஓடி வந்தார்.

"மன்னிச்சிரு ட்டீ, நேத்து மறந்து போச்சு!"

"நேத்தா? நாளைக்குத்தானே!"

"ஒனக்க கல்லால எனக்க மண்ட ஒடஞ்சு போச்சு ட்டீ!"

மறுநாளும் அல்வா வாங்கி வந்தார். அதற்கு அடுத்த வருடங்களிலும் டீச்சர் வாக்கியத்தைத் திருத்திக்கொள்ளவில்லை. இரண்டு நாள் அல்வா கிடைக்கும்போது எதற்குத் திருத்த வேண்டும்?

பெயருக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது நிஜமான கல். கரையிலிருந்து பவளம், சிப்பி எடுத்து வரக்கூடாது என்பது எங்கள் ஊர்ச் சட்டம். அதனால் டீச்சர் சாதாரணக் கல்லில் இறங்கினார். வகுப்பில் சேரும் பிள்ளை ஒவ்வொன்றும் ஒரு கல் கொண்டுவர வேண்டும். அது ஜன்னலோரப் பலகையில் இருக்கும். காலையில் வந்ததும் பிள்ளை தன் கல்லை எடுத்து டீச்சர் மேசையில் வைத்தால் வருகை. பலகையிலேயே கிடந்தால் வரவில்லை. கணக்கும் அந்தக் கற்களில்தான். தரையில் கற்களை வளைத்து வைத்து 'அ' எழுதப் பழக்குவார். 'ஞ' எழுதக் கல் போதாது. பக்கத்து வகுப்பிலிருந்து டஸ்டரைக் கடன் வாங்குவார்.

ஒரு பிள்ளை செங்கல் துண்டு கொண்டு வந்தான். "அதுவும் கல்தான், உட்காரு." இன்னொருத்தி வீட்டு அம்மிக் குழவியையே தூக்கி வந்துவிட்டாள். பின்னாலேயே அவள் அம்மா மஞ்சள் கையோடு ஓடி வந்தாள்.

"டீச்சர், பாதி மசாலா அம்மியில கிடக்கு! குழவியக் குடுங்க!"

"அட்டெண்டன்ஸ் முடியட்டும்மா, தரேன்."

இப்படிப் போய்க்கொண்டிருந்த வகுப்புக்கு ஒரு நாள் ஆபத்து வந்தது. தமிழ் வழி வகுப்பில் பத்துப் பிள்ளைகளாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் இந்தி வழி வகுப்போடு சேர்த்துவிடுவோம் என்று மேலிடத்திலிருந்து கடிதம். பதிவேட்டில் சரியாகப் பத்துப் பேர். ஆனால் பத்தாவது பெயரான ஷீபா, அத்தை கல்யாணத்துக்கு மெயின்லேண்ட் போயிருந்தாள். திரும்பி வரவேண்டிய கப்பல் காற்று மழையால் மூன்று முறை தள்ளிப்போனது. குடும்பமே அங்கே தங்கிவிட்டது என்று ஊரில் பேச்சு. டீச்சர் மட்டும் தினமும் ஷீபாவின் கல்லைத் துடைத்து, பலகையில் திரும்ப வைப்பார்.

ஒரு புதன்கிழமை அதிகாரி வந்து இறங்கினார். மெயின்லேண்ட்டிலிருந்து புதிதாக வந்தவர், இந்திக்காரர். மேசையில் இருந்த கற்களை எண்ணினார். ஒன்பது. பலகையில் தனியாகக் கிடந்த வெள்ளைக் கல்லைக் காட்டி, இது யாருடையது என்று கேட்டார். டீச்சருக்கு வியர்த்துவிட்டது. பதற்றத்தில் அவருடைய வாக்கியங்கள் இன்னும் சுருங்கும்.

"ஷீபா, சார். மெயின்லேண்ட். ஷிப்... கல்."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. அவர் இந்தியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "ஓ, நேற்றுக் கப்பலில் வந்தாளா? மூன்று நாள் கடல் பயணம். பாவம், தூங்கட்டும்." பதிவேட்டைத் திறந்து, 'பத்துப் பேர், சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கப்பல்கள் வரும் நாள் இந்த ஊரில் எனக்கு மனப்பாடம். அந்தக் கப்பல் வரவேண்டியது வியாழக்கிழமை. திருத்துவதற்காக வாயைத் திறந்தேன். டீச்சர் என்னைப் பார்த்தார். ஒன்பது பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து எனக்கு இருமல் வந்தது. அதிகாரி தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அன்று முழுக்க என்னால் உட்கார முடியவில்லை. கப்பல் நான்காவது முறையும் தள்ளிப்போனால்? வந்த கப்பலில் ஷீபா இல்லாவிட்டால்? பொய்யான பத்தின் மேல் நானும் அல்லவா இருமியிருக்கிறேன்!

வியாழக்கிழமை காலை, கணவரின் ஸ்கூட்டரில் டீச்சர் ஹேடோ ஜெட்டிக்குப் போனார். நான் பஸ்ஸில் போனேன். பிரயாணிகள் இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள், ஷீபாவைக் காணோம். டீச்சர் கைப்பையின் வாரை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கிவிட்டார். கடைசிக்கு முந்தின ஆளாக, கடல் மயக்கத்தில் பச்சை முகத்தோடு, அப்பாவின் தோளில் தொங்கியபடி ஷீபா இறங்கினாள்.

"டீச்சர், உல்டி ஆயிடுச்சு" என்றாள். வாந்தி எடுத்ததைத்தான் சொன்னாள். பிறகு பாவாடைப் பையிலிருந்து கருப்பாக ஒன்றை எடுத்து நீட்டினாள். "உங்களுக்கு. ரயில் பட்ரியில பொறுக்கினேன்."

ஒரு ஜல்லிக் கல். ரயிலே இல்லாத எங்கள் தீவுக்கு, தண்டவாளத்துக் கல் ஒன்று கடல் கடந்து வந்திருந்தது. டீச்சர் அதை வகுப்புக்குக் கொண்டுபோய், பிள்ளைகள் ஒவ்வொருவர் காதிலும் வைத்தார். "கேக்குதா?" எல்லாருக்கும் ரயில் கேட்டது. ஒருவனுக்கு மட்டும் கப்பல் கேட்டது. "அதுவும் சரிதான், உட்காரு" என்றார்.

அதிகாரி எழுதியது ஒரு நாள் தாமதமாக உண்மையானது. அந்தப் புதன்கிழமைப் பக்கத்தை நான் இன்றுவரை திருத்தவில்லை.

போன வருடம் டீச்சருக்கு வழக்கமான இடமாற்றம் வந்தது. கார் நிக்கோபார் தீவில் இரண்டு வருடம். கிளம்பும் அன்று அந்த ஜல்லிக் கல்லை என் மேசையில் வைத்தார்.

"பேப்பர் பறக்காம இருக்கும், சார். தேதியும் பறக்காது."

இப்போது அது வருகைப் பதிவேட்டின் மேல் இருக்கிறது. ஆபீசில் யாரும் இல்லாதபோது சில சமயம் காதில் வைத்துப் பார்ப்பதுண்டு. மற்றபடி நான் மாறவில்லை. தேதி இல்லாத கடிதங்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆனால் வாரத்துக்கு ஒரு முறையாவது வகுப்பிலிருந்து யாராவது ஒரு பிள்ளை என் மேசைக்கு வந்து நிற்கிறது. "கிளார்க் சார், டீச்சர் எப்ப வருவாங்க?"

"கல்" என்கிறேன்.