இடுப்பில் கயிறு கட்டிய ரசிகர்

கால்பந்து பார்க்க இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வருகிற ரசிகர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் தூத்துக்குடியில், எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறார்.

சங்கு குளிக்கிறவர் என்பதால் சங்கண்ணாச்சி. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் பங்குச்சாமியாருக்கே மறந்திருக்கும். கடலுக்கடியில் சங்கைப் போலவே அசையாமல் கிடப்பாராம். கரையில், அதுவும் பந்தைக் கண்டுவிட்டால், அவரைப் பிடித்து நிறுத்த ஆள் கிடையாது.

இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் தெரு அணிப் பையன் ஒருவன், காலியாகக் கிடந்த கோலுக்கு முன்னால் பந்தை வைத்துக்கொண்டு யோசித்தான். அண்ணாச்சிக்கு யோசனை பிடிக்காது. கூட்டத்திலிருந்து வெறுங்காலோடு ஓடிப்போய் அவரே அடித்துவிட்டார். நல்ல அடிதான். நடுவர் கோல் இல்லை என்றதும், "யாரு அடிச்சா என்ன சார், பந்து உள்ள போச்சா இல்லையா?" என்று இருட்டுகிறவரை விடவில்லை.

அடுத்த ஆட்டத்துக்கு அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், கயிற்றோடு வந்து அண்ணாச்சி இடுப்பில் கட்டி மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அண்ணாச்சி கடலில் முங்கும்போதும் படகிலிருந்து அவர்தான் பிடிப்பார். சங்கு குளிக்கிறவர் தன் கயிற்றை மச்சானைத் தவிர வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டார். கூடப்பிறந்தவள் தாலியை நினைத்தாவது அவன் பிடியை விடமாட்டான் என்று நம்பிக்கை.

எதிரணிக்குக் கார்னர் கிடைத்தால் அண்ணாச்சி மூச்சைப் பிடித்துக்கொள்வார். விட்டால் கோல் விழுந்துவிடுமாம். ஒருதடவை கார்னர் அடிக்க வந்த பையன் பந்தை வைத்தான், எடுத்தான், மறுபடியும் வைத்தான். அண்ணாச்சியின் விழி பிதுங்கியது. மச்சான் கயிற்றோடு நின்று கெஞ்சினார்: "ஏலே தம்பி, சீக்கிரம் அடிச்சுத் தொலைலே. இங்கன ஒரு உசிரு ஊசலாடுது."

போன ஞாயிற்றுக்கிழமை தருவைகுளத்தில் ஆட்டம். மச்சான் ஏரலுக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். தெரு ஆட்களை ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பும்போது அண்ணாச்சி கயிற்றின் முனையை என் கையில் வைத்து, மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றினார்.

"மச்சான்தானே பிடிக்கணும்?" என்றேன்.

"என்ன செய்ய? இந்த லாரியில பதறாத ஆளு நீங்க ஒருத்தர்தான் சார்."

பதறாத ஆள்! காலையிலிருந்து நான் பச்சைத்தண்ணீர் குடிக்கவில்லை. எங்கள் மகன்தான் கோல்கீப்பர். போன வருஷம் தோள் எலும்பு முறிந்து, இப்போதுதான் மறுபடியும் நிற்கிறான். நாசரேத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள் நாங்கள். இந்த ஊரில் ஒட்டு உறவு கிடையாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் மனைவியும் தனியாக உட்கார்ந்திருந்த அந்த மூன்று நாளும் லாரியில் என்கூடவே வந்தன.

கயிற்றைப் பார்த்ததுமே நடுவர் சொல்லிவிட்டார்: உங்கள் ஆட்களில் எவர் கோட்டைத் தாண்டினாலும் ஆட்டம் எதிரணிக்கு.

ஒன்றுக்கு ஒன்று. முடியப் பத்து நிமிஷம். எதிரணிப் பையன் ஒருவன் தனியாகப் பந்தோடு வந்தான். எங்கள் மகன் அவன் காலடியில் பாய்ந்தான். மோதிய சத்தம் எங்களுக்கே கேட்டது. மகன் எழுந்திருக்கவில்லை.

நான் ஓடியது எனக்குத் தெரியாது. பார்த்தவர்கள் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது, மணிக்கட்டைப் பிய்ப்பதுபோல ஓர் இழுப்பு. சுண்ணாம்புக் கோட்டுக்கு இரண்டு சாண் முன்னால் தொப்பென்று மணலில் உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் பார்த்தால், அண்ணாச்சி குதிகாலைக் கணுக்கால்வரை மணலில் புதைத்து, பின்னால் சாய்ந்து நிற்கிறார். பந்து எங்கே என்று அவர் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகன் மெதுவாக எழுந்தான். பந்து அவன் வயிற்றோடு இருந்தது.

"மூச்ச வுடுங்க சார்," என்றார் அண்ணாச்சி. "பய மேல வந்துட்டான்."

ஆட்டம் சமன். நாளைக்கு அதே மைதானத்தில் மறு ஆட்டம். மணிக்கட்டில் கயிற்றுத் தடம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் மகனுடைய காலுறைகளை நானே இரண்டு தடவை துவைத்துப் போட்டுவிட்டேன். நாளைக்கு ஜெயிப்போம் என்று பால்காரரிடம்கூடச் சொல்லியாயிற்று.

இன்று சாயந்திரம் அண்ணாச்சி புதுக் கயிற்றோடு வந்து, கேட்காமலே என் இடுப்பை அளந்தார். மச்சான் ஏரலிலிருந்து வந்துவிட்டாராம். மச்சான் அண்ணாச்சிக்குப் பிடிப்பார், அண்ணாச்சி எனக்குப் பிடிப்பாராம்.

"ஊரு சிரிக்காதா?" என்றாள் என் மனைவி.

இதுவரை அவளை 'சார் வீட்டம்மா' என்றே கூப்பிட்டவர், கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "ஏளா, ஒன் புருசனுக்கு நான் கயிறு பிடிக்கேன்னா, நீ எனக்கு யாரு?"

அவள் உள்ளே போய், ஊரிலிருந்து அவள் வீட்டார் வந்தால் மட்டும் எடுக்கிற டம்ளரில் காப்பி கொண்டுவந்தாள்.

"குடிங்கண்ணே. நாளைக்கு இவங்களக் கெட்டியாப் பிடிச்சுக்கிடுங்க."

குடித்துவிட்டுக் கிளம்பினார். லாரி எத்தனை மணிக்கு என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் வாசல்வரை போய் நின்று கேட்டேன்.

"லாரி எத்தனை மணிக்கு, மச்சான்?"