ஆர்மீனிய மொழியில் நாலு வசவு

மூன்றாவது நாளும் கைப்பேசி ஆப்பிளையே காட்டியது. ஆப்பிளுக்கு ஆர்மீனிய மொழியில் என்ன பெயர் என்று ஒரு பெண்குரல் தேனொழுகச் சொல்லிக்கொடுத்தது. நஞ்சப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் என்ன ஆப்பிள் விக்கவா போறேன்?" என்று கைப்பேசியைக் கவிழ்த்துப் போட்டார். "திட்டறதுக்குச் சொல்லிக் குடுன்னா, ஆப்பிளு, பூனைக்குட்டின்னுட்டு."

நஞ்சப்பன் கோவை கணபதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவர். ஒரே மகள் மேக்னா. ஒரு ஏஜென்டின் பேச்சை நம்பி, அவளை டாக்டருக்குப் படிக்க ஆர்மீனியாவுக்கு அனுப்பி ஐந்து வருடம் ஆகிறது. போன வாரம் அவள் போனில், "அப்பா, இங்க ஒருத்தரை எனக்குப் பிடிச்சிருக்குங்க. அவங்கப்பா அம்மா இந்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமை நம்மூட்டுக்குப் பேச வர்றாங்க" என்றாள். அவ்வளவுதான். மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்காமல் போனை வைத்தவர், அதன்பின் மகள் கூப்பிட்ட எந்தப் போனையும் எடுக்கவில்லை.

கொங்கு நாட்டில் ஒரு வழக்கம். பரம்பரைப் பகையாளியே ஆனாலும், வாசலுக்கு வந்தவரை 'வாங்க' என்று சொல்லிவிட்டுத்தான் சண்டையை ஆரம்பிக்க வேண்டும். சொல்லத் தவறினால் குற்றம் நம் பக்கம் சாய்ந்துவிடும். ஆகவே நஞ்சப்பனுக்கு ஆர்மீனிய மொழியில் ஒரு 'வாங்க' வேண்டியிருந்தது. அதற்கப்புறம், பையனைப் பெற்றவர் ஆயுசுக்கும் மறக்காதபடி நாலு வசவு வேண்டியிருந்தது. இங்கிலீஷில் திட்டினால் வந்தவருக்கு உறைக்காது, தனக்கும் ஆறாது.

"வீடியோவுல வாத்தியாருங்களே இருக்கறாங்கண்ணா" என்றார் ரவிக்குமார், இருபது வருடமாகப் பட்டறையில் வேலை பார்ப்பவர்.

அப்படி ஒரு தாடிக்கார வாத்தியாரைப் பிடித்து, பத்து நாள் அவர் முன்னால் உட்கார்ந்தார் நஞ்சப்பன். எழுத்துகள் மொத்தம் முப்பத்தெட்டு. ஒவ்வொன்றும் காயிலில் மிஞ்சிய கம்பித் துண்டை வளைத்துப் போட்டதுபோல் இருந்தது. நன்றிக்கு 'ஷ்னோர்ஹகலுத்யுன்'.

"நன்றி சொல்லவே இத்தனை நேரம்னா, நான் திட்டி முடிக்கறதுக்குள்ள அந்தாளு காப்பி குடிச்சுப்போட்டுக் கெளம்பிருவாரு" என்று பல்லைக் கடித்தார்.

பதினோராம் நாள் ரவிக்குமார் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "ஏனுங்கண்ணா, ஆர்மீனியன்ல கெழக்கு, மேற்குன்னு ரெண்டு இருக்குதாமுங்க. நீங்க படிச்சது மேற்கு. நம்ம பாப்பா இருக்கற ஊர்ல பேசறது கெழக்குங்க."

"இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க யாரைங்கண்ணா பேச உடறீங்க?"

பத்து நாள் உழைப்பு ஆற்றோடு போனது. அந்தக் கோபத்தோடு வீட்டுக்கு வந்தால், மனைவி அன்புக்கரசி எதிரே வந்து நின்றாள்.

"ஏனுங்க, ஒரு வார்த்தை சொல்லோணும். அந்தப் பையன்..."

"இந்த ஊட்டுல அந்தப் பேச்சே எடுக்கப்படாதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

இது நாலாவது தடவை. அன்புக்கரசிக்கும் கோபம் வரும். "சரி, உங்க பாடு" என்று உள்ளே போனவள், அன்றிலிருந்து அவரோடு பேசவில்லை.

மறுநாள் காந்திபுரத்தில் பழைய புத்தகக் கடை வைத்திருக்கும் ஜெரோமுக்கு, ஆர்மீனிய மொழிப் புத்தகம் கேட்டு நஞ்சப்பன் போன் போட்டார்.

"ஒண்ணே ஒண்ணு இருக்குது சார். அங்க படிச்சு முடிச்சு வந்த பையன் போட்டுட்டுப் போனது. கெழக்குதான். ஆனா மொதல்ல வர்றவங்களுக்குத்தான்."

நஞ்சப்பன் ஓடினார். அதற்குள் வெள்ளை வேட்டி, மஞ்சப்பையோடு ஒருவர் அந்தப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"அது நான் சொல்லி வெச்சதுங்க" என்றார் நஞ்சப்பன்.

"கையில எடுத்தது நானுங்க. தாராபுரத்துல இருந்து பஸ் ஏறி வந்திருக்கறேனுங்க."

"தாராபுரத்துக்கு எதுக்குங்க ஆர்மீனியன்?"

"கோயமுத்தூருக்கு எதுக்குங்க?"

நஞ்சப்பனுக்கு விளங்கிவிட்டது. "ஏஜெண்டுங்களா நீங்க? ஊர்ப் பிள்ளைகளைக் கண்காணாத சீமைக்கு ஏத்தி உடறது உங்களாட்ட ஆளுகதானுங்களே."

"நானுங்களா ஏஜெண்டு? அது உங்க மூஞ்சியிலதானுங்க எழுதி ஒட்டியிருக்குது."

"மரியாதை கெட்டுப்போயிருமுங்க."

"கெட்டாக் கெட்டுட்டுப் போகுதுங்க."

இருவரும் 'ங்க'வை விடவில்லை, புத்தகத்தையும் விடவில்லை. புத்தகம்தான் விட்டுக்கொடுத்தது, நடுவில் இரண்டாகக் கிழிந்து. எழுத்துகளும் வணக்கமும் நஞ்சப்பன் கைக்கு வந்தன. வாக்கியங்களெல்லாம், அதாவது திட்டுவதற்கு உதவக்கூடியவை எல்லாம், மஞ்சப்பைக்குள் போயின.

"ரெண்டையும் சேர்த்தாத்தான் படிக்க முடியும் சார். பேசாம ஒண்ணா உக்காந்து படிங்க" என்றார் ஜெரோம்.

"செத்தாலும் இவரு மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று நஞ்சப்பன் படியிறங்கினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. கையில் இருந்தது ஒரே ஒரு 'பரேவ்', வணக்கம். அதையே 'வாங்க'வாக வைத்துக்கொள்ளலாம் என்று கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல மகள் நினைப்பு வந்தது. மகளின் குரலைக் கேட்டு மூன்று வாரம் ஆகப்போகிறது. நாளைக்குப் பேரன் பேத்தி பிறந்து மழலை பேசினால், அதில் ஒரு எழுத்தும் தனக்குப் புரியாது. அதை நினைக்கத்தான் அவருக்குத் தாங்கவில்லை. தாங்காததால் இன்னும் கோபம் வந்தது.

அடுப்படியில் பருப்பும் வெல்லமும் வைத்துத் தட்டிய ஒப்புட்டு மணத்தது.

"ஆர்மீனியாக்காரன் ஒப்புட்டுத் திம்பானா?" என்று கத்தினார்.

"திம்பாங்க" என்றாள் அன்புக்கரசி. பல நாளுக்குப் பிறகு அவள் பேசிய ஒரே வார்த்தை.

பதினோரு மணிக்கு வாசலில் ஆட்டோ நின்றது. நஞ்சப்பன் 'பரேவ்' என்று வாயைக் குவித்துக்கொண்டே கதவைத் திறந்தார்.

படியில் மஞ்சப்பைக்காரர் நின்றுகொண்டிருந்தார். அக்குளில் அந்தப் பாதிப் புத்தகம்.

பரேவும் மறந்தது, வாங்கவும் மறந்தது. "மிச்சப் பாதியையும் புடுங்கிட்டுப் போக ஊட்டுக்கே வந்துட்டீங்களா?" என்றார் நஞ்சப்பன்.

"நான் கேக்கோணும் அதை. நீங்க இங்க என்ன பண்றீங்க? இந்த ஊட்டுக்கும் ஏஜெண்டு நீங்கதானுங்களா?"

"யாரைப் பாத்து ஏஜெண்டுங்கறீங்க? என் வாசல்லயே நின்னுட்டு..."

அதற்குள், பூவும் பழமும் வைத்த தாம்பாளத்தோடு பின்னால் வியர்த்து நின்ற மஞ்சப்பைக்காரரின் மனைவி சின்னாத்தாள், கணவரை முழங்கையால் ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள்.

"ஏனுங்கண்ணா, உங்க சண்டையை அப்பறம் வெச்சுக்கோங்க. டாக்டருக்குப் படிக்கற எடத்துல எங்க பையனுக்கு ஒரு பொண்ணைப் புடிச்சுப்போச்சுன்னு, அட்ரஸக் குடுத்துப் பேசப் போகச் சொன்னானுங்க. கோயமுத்தூர்ல வந்து தங்கியிருக்கற அந்த ஆர்மீனியாக்காரங்க ஊடு இதுதானுங்களா?"