கித்தான் அண்ணாச்சியின் வசவுப் போர்வை

உலகத்தில் பெண்டாட்டியிடம் திட்டு வாங்காத ஆண்பிள்ளை கிடையாது. ஆனால் வாங்கிய திட்டில் ஒன்றைக்கூட வீணாக்காமல், துணியில் எழுத்தெழுத்தாக வெட்டி, ஒட்டுப் போட்டுத் தைத்து, போர்வையாக்கிப் போர்த்திக்கொண்டு படுத்தவர் ஒருவர்தான். அவர் கித்தான் அண்ணாச்சி. இந்த விஷயத்தில் யார் என்னோடு வழக்குக்கு வந்தாலும் நான் தயார்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பதுகளில் தூத்துக்குடியில் ஒரு சரக்கு ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். திரேஸ்புரத்தில் என் அறைக்கு அடுத்த கொட்டகைதான் அண்ணாச்சியுடையது. கொழும்புக்குப் போகும் தோணிகளுக்குக் கித்தான் என்ற முரட்டுத் துணியில் காற்றுப்பாய் தைப்பது அவர் தொழில். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதை அவரே மறந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

மெழுகு தடவிய நூலில் இரட்டைத் தையல் போடுவார். ஓரத்தில் கயிறு வைத்து மடித்துத் தைப்பார். பாயைக் கட்டுவதற்கு விளிம்பெல்லாம் வளையம் வளையமாக ஓட்டை வைப்பார். பாய்க்கு இதெல்லாம் சரி. அண்ணாச்சி தலையணை உறை தைத்தாலும் அப்படித்தான். எங்கள் மானேஜர் ஆசைப்பட்டு ஆபீஸ் ஜன்னலுக்குத் திரைச்சீலை தைக்கச் சொன்னார். கடல்காற்று பலமாக அடித்த முதல் நாளே திரை புடைத்துக் கிளம்பி, ஜன்னல் சட்டத்தையும் பெயர்த்துக்கொண்டு மானேஜர் மேசை வரைக்கும் பிரயாணம் செய்தது. அண்ணாச்சியைக் கூப்பிட்டு விட்டார்கள். வந்தவர் திரையை மட்டும் தடவிப் பார்த்தார்.

“சட்டந்தான் போயிட்டு. துணியில ஒரு நூலு பிரிஞ்சிருக்கான்னு பாருங்க” என்றார் பெருமையாக.

தூத்துக்குடி வெயிலில் போர்வை எதற்கு என்று கேட்பீர்கள். வசவுகளைச் சேர்த்து வைக்கத்தான். அவர் மனைவி ரோசம்மா மதினி ஒருதரம் சொன்ன வசவை மறுதரம் சொல்லமாட்டார். உட்கார்ந்த இடத்தை விட்டு அண்ணாச்சி எழாத அன்று “நங்கூரம் போட்ட மனுசன்”. கடைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பிய அன்று “முத்தில்லாத சிப்பி”. கூப்பிடக் கூப்பிட அசையாமல் நின்ற அன்று “உப்பளத்துக் கொக்கு”. அண்ணாச்சிக்குக் கோபமே வராது. கண்ணை மூடி, வாயில் அல்வா கரைவது போல ரசிப்பார்.

“கேட்டீரா தம்பி? எப்பேர்ப்பட்ட சொல்லு! காத்தோட போயிரக் கூடாதுல்லா” என்று கத்திரியை எடுத்துவிடுவார்.

பாய்களில் தோணியின் பெயரைத் தைத்துப் பழகிய கை அது. கப்பலில் கழித்துப் போட்ட கொடி சிவப்பு எழுத்தாகும். மாவுச் சாக்கு வெள்ளை எழுத்தாகும். போலீஸ்காரரின் பழைய நிக்கர் காக்கி எழுத்தாகும். ஒரு ‘கொ’வின் கொம்பைச் சுழித்து அந்தக் கத்திரி வளைந்து வருவதைப் பார்த்து நான் வாயைப் பிளந்து நின்று, ஆபீசுக்குத் தாமதமாகப் போய், மானேஜரிடம் நானும் வசவு வாங்கியிருக்கிறேன். ஆனால் அதெல்லாம் தைக்கத் தகுந்த வசவு அல்ல.

கறுப்புத் துணிதான் அவருக்குக் கிடைக்கவில்லை. துணி ரேஷன் கண்ட்ரோலில் இருந்த காலம். அவர் கண் என் குடைமேல் விழுந்தது.

“இந்த ஊருல மழ எங்க தம்பி பெய்யிது? அந்தக் கொடைய...”

“வெயிலுக்கு வேணும் அண்ணாச்சி!”

அன்றிலிருந்து குடையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்கினேன்.

வசவு பெருகப் பெருகப் போர்வையும் பெருகியது. கொட்டகையையே மூடலாம் போல வளர்ந்து, ஒட்டுமேல் ஒட்டாகக் கனத்து, அதைப் போர்த்திக்கொண்டால் புரண்டு படுக்க ஆள் உதவி வேண்டும் என்ற நிலைக்கு வந்தது. மதினிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புருஷன் இவ்வளவு சிரத்தையாகத் தைப்பது மாதாவின் மன்றாட்டாகத்தான் இருக்கும் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். அண்ணாச்சி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தெருவும் வாயைத் திறக்கவில்லை. உண்மை தெரிந்து மதினி வைவதை நிறுத்திவிட்டால் எங்களுக்கெல்லாம் பொழுது போவது எப்படி?

அவர்கள் மகன் சவேரியான் தோணியில் வேலைக்குச் சேர்ந்து முதன்முதலாகக் கொழும்புக்குப் புறப்பட்டான். மதினி போர்வையை ஆள்வைத்துத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார்.

“சாமி, மாதா செபம் தச்ச போர்வ. புள்ள கடலுக்குப் போறான். மந்திரிச்சிக் குடுங்க.”

பங்குச் சாமியார் விரித்து வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார். பின்னால் நின்ற அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். சாமியார் மதினியின் முகத்தைப் பார்த்தார். தீர்த்தம் தெளித்தார். சிரிப்பை அடக்கியதில் குறி தப்பி, பாதித் தீர்த்தம் அண்ணாச்சி மேல்தான் விழுந்தது. மந்திரித்த போர்வை சவேரியானோடு தோணி ஏறியது.

கூடப் போன தோணிகள் திரும்பிவிட்டன. சவேரியான் போன தோணி வரவில்லை. “பெருங்காத்துல பிரிஞ்சிட்டோம். அவுக பாயி கிழிஞ்சி பறந்தத எங்கண்ணால பாத்தேன்” என்றார் திரும்பி வந்த தோணிக்காரர் ஒருவர். அந்தப் பாயைத் தைத்தவர் அண்ணாச்சி. புதுக் கித்தான் கிடைக்காமல், பழசையே ஒட்டுப் போட்டுக் கொடுத்திருந்தார்.

மதினி வாய் ஓய்ந்துபோனது. தெருவே செத்துப்போன மாதிரி இருந்தது. அண்ணாச்சி வேண்டுமென்றே காப்பியில் உப்பைப் போட்டார். ஈரக் கித்தானை அடுப்படியில் விரித்தார். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மதினி முன்னால் நடந்தார். மதினி பார்த்தார், அவ்வளவுதான். அண்ணாச்சி என் அறை வாசலில் வந்து உட்கார்ந்தார்.

“ஒரு சொல்லு வரல்லியே தம்பி. கோவம்னா வைவால்லா? வையவே மாட்டேங்கா. அந்தப் பாயத் தச்சவன் நாந்தான...”

அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

சில நாள் கழித்து ஒரு காலையில் கரையில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. அண்ணாச்சியும் மதினியும் வழக்கம்போல ஆளுக்கொரு பக்கம் கடலைப் பார்த்து நின்றார்கள்.

“ஏலே, அங்கன பாரு! என்ன பாயிலே அது!” என்று ஒருவன் கத்தினான்.

பாய்மரம் பாதியில் முறிந்த தோணி ஒன்று வந்துகொண்டிருந்தது. மிச்சமிருந்த மரத்தில் சிவப்பும் வெள்ளையும் காக்கியுமாக ஒரு பாய், காற்றை முழுசாக வாங்கிப் புடைத்து நின்றது. பாய் முழுக்க எழுத்து. துறைமுகத்து ஆபீசில் இருந்தவன் நான். பார்க்காத கப்பல் இல்லை. அப்படி ஒரு கம்பீரத்தை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன்.

தோணி கிட்ட வந்ததும், ஏலம் போட்டுக்கொண்டிருந்தவர் அதே குரலில் வாசித்தார்: “நங்கூரம் போட்ட மனுசன்!” படிக்கத் தெரிந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். “முத்தில்லாத சிப்பி! உப்பளத்துக் கொக்கு!” தெரியாதவர்கள் திருப்பிச் சொன்னார்கள். கரை மொத்தமும் அழுதுகொண்டே வசவைக் கூவியது.

மதினி மெல்லத் திரும்பினார்.

“இது மாதா செபம் இல்லியா?”

“இல்லளா. நீ வஞ்சதுதான். ஒண்ணு விடாம” என்றார் அண்ணாச்சி.

அதற்குள் சவேரியான் தண்ணீரில் குதித்து ஓடி வந்தான். “யப்பா, ஒங்க தையல் பிரியல்ல. துணிதான் இத்துப்போயி கிழிஞ்சிது. போர்வ ஓரத்துல ஓட்ட இருந்துச்சா, கயித்தக் கோத்து ஏத்திட்டோம்!”

மதினி மகனைக் கட்டிக்கொண்டு கதறினார். பிறகு அண்ணாச்சி பக்கம் திரும்பினார்.

“பாவி மனுசா! என் வாயத் தச்சி ஊரு பூரா வாசிக்க வச்சீரே! அந்த வாயையே பாயாக்கி எம்புள்ளயக் கரை சேத்துட்டீரே, பாவி மனுசா!”

அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். கண்ணீர் தாடிக்குள் இறங்கியது.

“கேட்டீரா தம்பி?” என்றார் என்னிடம். “பெரிய சொல்லு. நல்ல துணியா வேணும். கறுப்பா இருந்தா எடுப்பா இருக்கும்.”

அறைக்கு ஓடினேன். குடையைப் பிரித்து, கம்பியிலிருந்து துணியைக் கழற்றிக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். அதற்குப் பிறகு தூத்துக்குடியில் இருந்தவரைக்கும் வெறுந்தலையோடுதான் நடந்தேன். ஒரு நாள்கூட வெயில் சுட்டதாக ஞாபகம் இல்லை.